உங்களுக்குப் பிடிக்கலாம்

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சமையலறைகள்
என்னிடம் இருக்கின்றன.
ஒன்றில்கூட நான்
பாத்திரம் கழுவியதில்லை.

ரொட்டி ஆலையில் இரவுப் பணி முடிந்து
தார்த்து நகரின் முதல் பேருந்தில்
கடைசி இருக்கை கிடைத்ததும்
கட்டைவிரலால்
வீடு வீடாக ஏறி இறங்குவேன்.
போர்த்துகலில் நீல ஓடு பதித்தது ஒன்று.
கியோட்டோவில் ஒன்று, ஒரே ஒரு கெண்டியோடு.
பிடித்ததைக் குத்திவைப்பேன்,
‘வீடு’ என்று பெயரிட்ட பலகையில்.
ஊசி இல்லை, சுவரில் துளை இல்லை,
யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

வெளியே நவம்பர்.
எட்டு மணிக்கும் விடியாது.
ஜன்னல் கண்ணாடியில் மாவு ஒட்டிய என் புருவம்,
கையிலோ சிசிலியின் எலுமிச்சை வெயில்.
குறை சொல்ல மாட்டேன்.
அந்த வெயிலில்தான்
மூன்று குளிர்காலங்களைத் தாண்டினேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
எனக்கு உதவியிருக்கிறது.
குப்பையோரம் கிடந்த இழுப்பறையை
அலமாரியாக்கி மாட்டியது
மெண்டோசாவில் யாரோ ஒருத்தி போட்ட
நான்கு படங்களைப் பார்த்துத்தான்.
அவள் மொழி தெரியாது.
அவள் விரல் ஆணியைப் பிடித்த விதம் தெரியும்,
நகம் கடிக்கும் பழக்கம் உண்டென்பதும்.

ஆனால் குழாய் ஒழுகுகிறது என்று
ரைவோ இரண்டு முறை சொன்னான்.
மூன்றாம் முறை சொல்லவில்லை,
ஒரு வாளி வைத்தான்.
செம்பா, கறுப்பா என்று
அறுபது குழாய்களுக்கு நடுவே
நான் முடிவெடுக்காமல் நின்றிருந்தேன்.
சொட்டும் ஓசை
அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது.

எங்களுடையது ஆறு சதுர மீட்டர்.
கான்கிரீட் கட்டடம், ஐந்தாம் மாடி,
எதிரேயும் அதே கட்டடம்.
ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நிற்க வேண்டும்.
நிற்பவர் தேநீர் ஊற்றுவார்.

போன வியாழன், பேருந்து
ஆற்றுப் பாலம் ஏறுகையில்
இயந்திரம் ஒரு படத்தை நீட்டியது:
‘உங்களுக்குப் பிடிக்கலாம்.’

ஜன்னல் விளிம்பு. சாய்ந்த மஞ்சள் வெளிச்சம்.
தாளின்மேல் நறுக்கிய ருபார்ப் தண்டுகள்.
கைப்பிடி உடைந்த கோப்பையில்
ஒரு கொத்து சதகுப்பைத் தழை.
என்னவோ செய்தது.
எந்த ஊரோ,
இங்கே விழிப்பவள் எப்படிப்பட்டவளோ,
அவள் வீட்டில் வாளி இருக்காது,
வாயில் வசவு வராது.
பொறாமையோடு விரலை வைத்தேன்.
ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று.

பிறகுதான் அந்தக் கோப்பையைப் பார்த்தேன்.
அதை உடைத்தது நான்.

இரண்டு ஜூன்களுக்கு முன்
நானே எடுத்து, நானே போட்டு, மறந்த படம்.
என் பெயர் இல்லை.
இடப்பக்க ஈரக்கறையை யாரோ வெட்டியிருந்தார்கள்.
அதோடு ரைவோவின் முழங்கையும் போயிருந்தது.
தொட்டால்
திரைச்சீலை விற்கும் கடைக்குப் போனது.
எங்களிடம் திரைச்சீலையே கிடையாது.
முப்பத்தொன்பதாயிரம் பேர் எடுத்துவைத்திருந்தார்கள்.
ஹாலிஃபாக்ஸில் ஒருத்தி
‘ஒருநாள்’ என்ற பலகையில்.
வேறொருவர், ‘மூச்சு’ என்பதில்.

அக்கரைப் பச்சையைத் தேடித் தேடி
நானே யாருக்கோ அக்கரையாகியிருந்தேன்.
சிரித்துவிட்டேன், சத்தமாக.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தாள்.
சிரிப்பு அடங்கும்போது
அந்த முழங்கை நினைவுக்கு வந்தது.
அன்று ருபார்ப் நறுக்கியவன் அவன்.
‘லேலோ, நகரட்டுமா?’ என்று கேட்டான்.
‘ம்’ என்றேன்.

வீடு சேர்ந்தபோது இன்னும் இருட்டு.
வாளி முக்கால்வாசி.
அதே ஜன்னல் முன் நின்றேன்.
அந்த வெளிச்சம் வரவில்லை,
ஜூனில் ஒன்பது நாட்கள்தான் அது வரும்.

பலகையை அழிக்கவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
தொலைபேசியை அந்தக் கோப்பைமேல் சாய்த்து
வாஷர் மாற்றுவது எப்படி என்று தேடினேன்.
எங்கோ ஒரு பையன்,
கிரீஸ் படிந்த விரல்கள்,
ஒரு நிமிடம் இருபது நொடி.
பாதியில், ஈரக்கையோடு
அவனை நிறுத்திவிட்டு
‘ரைவோ’ என்று கூப்பிட்டேன்.
‘இந்தப் பக்கம் பிடி.’

இருவருக்கும் இடமில்லை.
பிடித்தான்.